டர்பனில் இருந்தபடியே துருவ அயனி மண்டலத்தை ஆராய்வது: ரேடியோ கருவிகள் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

துருவ அயனி மண்டலத்தை ஆராய அண்டார்டிகா போய்த்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் சனாயே 4 ஆய்வு நிலையம் தெற்கே 71 பாகை 40 கலை அட்சரேகையில், பனிக்கு நடுவே தலைநீட்டும் வெஸ்லெஸ்கார்வெட் என்ற பாறை முகட்டின் மேல் நிற்கிறது. அங்கே குளிர்காலம் முழுவதும் தங்கி வேலை பார்ப்பவர்கள் பத்துப் பேர் அளவில்தான். அவர்கள் காற்றிலும் பனியிலும் காப்பாற்றி வைக்கிற கருவிகளின் தரவை எடுத்து ஆராய்பவர்களோ விண்வெளி வானிலை மையம் உள்ள ஹெர்மானஸிலும் டர்பனிலும் வேறு பல நாடுகளிலும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி யாருக்கு? மெட்ரிக்கில் இயற்பியலும் கணக்கும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு, பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தலைப்புத் தேடுபவர்களுக்கு, தமிழ்நாட்டிலிருந்து இங்கே மேற்படிப்புக்கு வந்தவர்களுக்கு, வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா கட்ட ஆசைப்படும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பிள்ளைகளுக்கு. "அங்கிள், கருவிக்கு எவ்வளவு ரேண்ட் ஆகும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. ஒரு மடிக்கணினி, ஓரளவு பைத்தான் நிரல் அறிவு, இணைய இணைப்பு. அவ்வளவுதான்.

ஆனால் எதை முதலில் தொடுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் பெரிய காந்தப் புயல் நாளையும், வண்ண வண்ணமான ரேடார் வரைபடத்தையும் முதல் நாளே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்த வண்ணத்தில் எது அளந்தது, எது மாதிரிக் கணிப்பு நிரப்பியது என்றே தெரியாமல் தவிப்பார்கள். ஒரு கருவி, ஓர் அமைதியான நாள், கையால் படித்தல். அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

படி 1: மேலே இருப்பது என்ன, துருவத்தில் என்ன மாறுகிறது

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுவதால் அயனி மண்டலம் உருவாகிறது. 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு, 110 கிலோமீட்டரை ஒட்டி இ அடுக்கு, 250 முதல் 350 கிலோமீட்டர் பக்கம் எஃப்2 அடுக்கின் உச்சி. குறைந்த அதிர்வெண் அலைகளை மேல் அடுக்குகள் திருப்பி அனுப்புகின்றன. டி அடுக்கோ அலையைத் திருப்புவதில்லை, விழுங்கிவிடுகிறது. இதுவரை பாடப்புத்தகக் கதை.

துருவத்தில் சூரியன் ஒரே முதலாளி இல்லை. அங்கே காந்தக் கோடுகள் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகின்றன. காந்த மண்டலத்தில், அதாவது பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியில், முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் அந்தக் கோடுகள் வழியே காற்றில் வந்து மோதி நள்ளிரவிலும் புது அயனிகளை உண்டாக்குகின்றன. அத்தோடு, சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பும்போது பூமியின் புலத்தோடு இணைந்து, துருவத்தின் மேலே பெரிய மின்புலத்தை ஏற்றுகிறது. அந்த மின்புலத்தில் பிளாஸ்மா (எலக்ட்ரானும் அயனியும் கலந்த வாயு) முழுவதும் பகல் பக்கத்திலிருந்து துருவத்தைக் கடந்து இரவுப் பக்கம் போய், விடியல் ஓரமாகவும் அந்தி ஓரமாகவும் திரும்பி வருகிறது. இரண்டு சுழல்கள். பகலில் உருவான அடர்ந்த பிளாஸ்மா துண்டு துண்டாக இருட்டுக்குள் இழுத்துச் செல்லப்படுவது இதனால்தான்.

இருட்டு என்றதும் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 21 அன்று சனாயேவில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்துக்கு 5 பாகை கீழே. தரையில் துருவ இரவு. ஆனால் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் 17 பாகை தாழ்ந்து தெரியும். அதாவது நிலையத்தின் ஜன்னலில் இருள் சூழ்ந்திருக்கும் அதே நண்பகலில் எஃப்2 அடுக்கில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். துருவ இரவு என்றாலே அயனி உற்பத்தி நின்றுவிடும் என்று எழுதுவதற்கு முன், எந்த உயரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: சாதாரண வரைபடத்தை மூடிவிட்டு காந்த ஆயத்தொலைவுக்கு மாறுங்கள்

இதைத் தாண்டாமல் எந்தத் தரவையும் தொடவேண்டாம். பூமியின் காந்தத் துருவம் புவியியல் துருவத்தில் இல்லை. தென்பகுதியில் அது ஆஸ்திரேலியா பக்கமாக விலகி நிற்கிறது. அதனால் ஆப்பிரிக்காவுக்கு நேர் தெற்கே இருக்கும் அண்டார்டிகக் கரை, புவியியல்படி எவ்வளவு தெற்கே இருந்தாலும் காந்தக் கணக்கில் அவ்வளவு தெற்கு இல்லை. சனாயேவின் காந்த அட்சரேகை 60 பாகையைச் சற்றே தாண்டுகிறது. சீனாவின் ஷாங்ஷான் நிலையம் 69 பாகை அட்சரேகையில், சனாயேவைவிட வடக்கே இருக்கிறது. ஆனால் அதன் காந்த அட்சரேகை சுமார் 75.

இதன் விளைவு என்ன? அமைதியான இரவில் துருவ ஒளி வளையம் சனாயேவுக்குத் தெற்கே நிற்கும். கலங்கிய இரவில் அது விரிந்து நிலையத்தின் தலைக்கு மேலேயே வந்துவிடும். ஆக சனாயே ஒரு வாசற்படி. அங்கிருந்து உள்ளே, அதாவது துருவத்தின் பக்கம் எட்டிப் பார்க்கத்தான் ரேடார் தெற்கு நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

செய்யவேண்டியது எளிது. பைத்தானில், புவியியல் இடத்தைக் காந்த ஆயத்தொலைவாக்கும் ஏ.ஏ.சி.ஜி.எம். மாற்றத்துக்கும் ஏபெக்ஸ் மாற்றத்துக்கும் இலவச நூலகங்கள் உண்டு. நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு நிலையத்துக்கும் காந்த அட்சரேகையையும், ஒவ்வொரு மணிக்கும் காந்த உள்ளூர் நேரத்தையும் (காந்தத் துருவத்தை மையமாக வைத்து, சூரியன் இருக்கும் திசையைக் கொண்டு சொல்லும் நேரம்) கணக்கிட்டு ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிடும்போது உயரத்தையும் கொடுக்கவேண்டும். தரைக்கான விடையும் 300 கிலோமீட்டருக்கான விடையும் ஒன்றல்ல. நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்திலேயே இருக்கட்டும். நம் கடிகாரம் அதைவிட இரண்டு மணி முன்னே ஓடுகிறது, வருடம் முழுக்க அதே இரண்டு மணிதான். அந்தவகையில் ஐரோப்பியர்களைவிட நமக்குத் தலைவலி குறைவு.

படி 3: அயனோசோண்டில் கை பழகுங்கள்

1924-இல் ஆப்பிள்டன் வானொலி அலையைக் கொண்டு மேலே ஒரு திருப்பும் அடுக்கு இருப்பதை நிரூபித்தார், 1947-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைய அயனோசோண்டும் அந்தக் குடும்பம்தான். 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 20 வரை அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே நேர் மேலே துடிப்புகளை அனுப்பும். எதிரொலி வர எடுத்த நேரத்தை உயரமாக வரையும். அந்தப் படமே அயனோகிராம்.

தென்னாப்பிரிக்காவில் ஹெர்மானஸ், மக்காண்டா (பழைய கிரஹாம்ஸ்டவுன்), லூயிஸ்வேல், மடிம்போ ஆகிய நான்கு இடங்களில் இந்தக் கருவி உண்டு. இவை துருவக் கருவிகள் இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான். நடு அட்சரேகையின் சுத்தமான அயனோகிராமில் கண் பழகாதவருக்குத் துருவத்து அயனோகிராம் வெறும் மை கொட்டிய காகிதமாகத்தான் தெரியும். டிஜிசோண்ட் என்ற கணினிவழி அயனோசோண்டுகளின் உலகளாவிய தரவுத்தளத்தில் இவற்றின் படங்களைத் தேடிப் பார்க்கலாம்.

ஒரு படத்தை எடுத்து இப்படிப் படியுங்கள். இடமிருந்து வலமாக அதிர்வெண். கோடு முதலில் தட்டையாக ஓடி, ஓர் இடத்தில் சட்டென்று மேலே வளையும். அந்த இடம்தான் அடுக்கின் உச்சவரம்பு அதிர்வெண். எஃப்2-க்கு அது 6 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ வர்க்கப்படுத்தி 1.24 × 10¹⁰ ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை எலக்ட்ரான் என்று வந்துவிடும்: 4.5 × 10¹¹, அதாவது சுமார் 45 ஆயிரம் கோடி. அச்சில் காட்டும் உயரத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பிளாஸ்மாவுக்குள் துடிப்பு மெதுவாகப் போகிறது, கருவியோ ஒளிவேகத்தில் போனதாக நினைத்து வரைகிறது. உண்மை உயரம் எப்போதும் அதைவிடக் கீழேதான். அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது.

அடுத்து, அதே கோடு வலப்பக்கம் இன்னொரு முறை தெரியும். காந்தப்புலம் அலையை இரண்டாகப் பிரிப்பதால் வருவது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் காந்தக் கோட்டைச் சுற்றி எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண்ணில் ஏறக்குறைய பாதி. ஹெர்மானஸில் பூமியின் புலம் சுமார் 25 ஆயிரம் நானோடெஸ்லாதான், உலகிலேயே மிகப் பலவீனமான இடங்களில் ஒன்று. அதனால் இந்த இடைவெளி 0.3 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒடுங்கியிருக்கும். புலம் இரண்டு மடங்கு வலுவாக உள்ள துருவ நிலையங்களில் 0.7 வரை அகலும். இங்கே பழகிய கண்ணோடு அங்கே போனால் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

துருவத்தில் நீங்கள் எதிர்பார்க்கவேண்டியவை: கோடு மெல்லியதாக இல்லாமல் பூசி மெழுகினாற்போலப் பரவியிருத்தல், நடுஇரவில், இருக்கவே கூடாத இ அடுக்கு 110 கிலோமீட்டரில் பளிச்சென்று நிற்றல் (துகள்கள் கொட்டுகின்றன என்று அர்த்தம்), ஒன்றுமே இல்லாத வெற்றுப் படம். வெற்றுப் படம் வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். டி அடுக்கு அலையை விழுங்கியிருந்தாலும் படம் வெறுமையாகத்தான் இருக்கும். உலக வழக்கத்தில் விழுங்கலுக்கு 'பி', கருவிக் கோளாறுக்கு 'சி', பரவலுக்கு 'எஃப்' என்று எழுத்துக் குறிகள் உண்டு. அவற்றைப் போட்டு வையுங்கள். வெற்றிடத்தின் காரணமும் தரவுதான்.

கணினி தானாகவே அளந்து எண்களைத் தரும் மென்பொருள் இருக்கிறது. அமைதியான நாளில் அது நன்றாகவே வேலை செய்யும். துருவத்தில், அதுவும் சுவாரசியமான நேரம் பார்த்துத்தான் அது தப்பு செய்யும். ஆகவே உங்கள் ஆய்வு நிற்கும் மணி நேரங்களையாவது கையால் அளந்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 4: ரியோமீட்டர், எளிய கருவி, பெரிய விஷயம்

எனக்குப் பிடித்த கருவி இது. ஒன்றும் அனுப்பாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். பால்வெளியிலிருந்து எப்போதும் ரேடியோ இரைச்சல் வந்துகொண்டே இருக்கிறது. 30 அல்லது 38.2 மெகாஹெர்ட்ஸில் அந்த இரைச்சலின் வலுவை அளந்துகொண்டே இருந்தால், டி அடுக்கு தடிக்கும்போதெல்லாம் வலு குறையும். அவ்வளவுதான் கொள்கை. லிட்டில், லைன்பாக் என்ற இருவர் 1959-இல் இதை முறைப்படுத்தி வெளியிட்டார்கள்.

குறைந்தது என்று சொல்ல, எதிலிருந்து குறைந்தது என்று தெரியவேண்டும் இல்லையா? அதுதான் அமைதி நாள் வளைவு. பூமி விண்மீன்களை வைத்துப் பார்த்தால் 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அதனால் வானத்தின் இரைச்சல் வளைவு நம் கடிகாரத்தில் தினமும் 4 நிமிடம் முன்னால் நகரும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். கலங்கல் இல்லாத பல நாட்களின் தரவை விண்மீன் நேரத்தில் அடுக்கி, ஒவ்வொரு நிமிடத்துக்கும் மேல்மட்ட மதிப்பைத் தேர்ந்தெடுத்து வளைவை வரைகிறோம். அன்றைய அளவை அதனால் வகுத்து டெசிபலில் எழுதினால் விழுங்கல் எவ்வளவு என்று கிடைத்துவிடும். வலு பாதியானால் 3 டெசிபல்.

இந்த 4 நிமிட நகர்வு ஒரு நல்ல துப்பறியும் கருவியும்கூட. ஒரு மேடு தினமும் மாலை ஏழு மணிக்கே வருகிறதா? அது மனிதர் செய்த இரைச்சல். தினமும் 4 நிமிடம் முந்தி வருகிறதா? அது வானம்.

டர்பன்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. பால்வெளியின் மையம் வானத்தில் தெற்கு 29 பாகையில், மூல நட்சத்திரத்துக்கு அருகே இருக்கிறது. டர்பனின் அட்சரேகையும் கிட்டத்தட்ட 30. ஆக இரைச்சல் மிகுந்த அந்தப் பகுதி நம் தலைக்கு நேர் மேலே கடந்து போகிறது. வளைவில் அழகான ஒரே பெரிய மேடு கிடைக்கும். சனாயேவிலோ அது அடிவானத்துக்குக் கீழே போவதே இல்லை. அங்கே வளைவின் ஏற்ற இறக்கம் வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க ஆசை என்றால், நாசா ஆதரவில் நடக்கும் ரேடியோ ஜோவ் திட்டத்தின் 20.1 மெகாஹெர்ட்ஸ் வாங்கி (ரிசீவர்) போதும். இரண்டு கம்பி ஆன்டெனா, கொஞ்சம் பி.வி.சி. குழாய். கட்டுவதைவிடப் பெரிய பாடு இரைச்சலைத் துரத்துவது. லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் நம் தெருவெல்லாம் மின்சாரம் போனால் ரேடியோ அப்படியே அமைதியாகிவிடும். அப்புறம் எல்லா வீட்டுக் கூரையிலும் சோலார் பலகையும் உள்ளே இன்வெர்ட்டரும் வந்தன. இப்போது இரைச்சல் பகலெல்லாம் அவற்றிலிருந்துதான். பேட்டரியில் ஓடும் சின்ன ஏ.எம். ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு கூரையோரமாக நடந்து பாருங்கள். சோலார் கம்பி இறங்கும் சுவர் பக்கம் போனதும் "ஙீ" என்ற இரைச்சல் எழும்பும். ரேடியோவை நின்ற இடத்திலேயே கால் சுற்றுத் திருப்பினால் தணியும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் தண்டின் முனை இரைச்சல் வரும் திசையைப் பார்க்கும்போது ஒலி அடங்குகிறது, அதுதான் காரணம். அந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுங்கள்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. கேப் டவுனில் இருந்த காந்த ஆய்வகம், ரயில்களை மின்மயமாக்கியதால் அளவீடு கெட்டுப்போய் 1941-இல் ஹெர்மானஸுக்குக் குடிபெயர்ந்தது. இன்று தென்னாப்பிரிக்க விண்வெளி முகமையின் விண்வெளி வானிலை மையம் அங்கேதான் இருக்கிறது.

துருவ ரியோமீட்டர் வளைவைப் படிக்கும்போது வடிவத்தைப் பாருங்கள். நள்ளிரவை ஒட்டிச் சில நிமிடங்களில் செங்குத்தாக இறங்கினால் காந்த உபபுயல், அதாவது காந்த மண்டலம் தேக்கிய ஆற்றலைத் திடீரென்று விடுவிப்பது. காலை நேரத்தில் மெதுவாக, மணிக்கணக்கில் தாழ்ந்திருந்தால் இரவில் பாய்ச்சப்பட்ட எலக்ட்ரான்கள் கிழக்கு நோக்கி மிதந்து வந்து வழியில் கொட்டுகின்றன. நாள்கணக்கில் நீண்டு, வெயில் பட்டால் ஆழமாகவும் இருளில் ஆழம் குறைந்தும் தெரிந்தால் சூரிய புரோட்டான்கள். இந்தக் கடைசி வகைதான் துருவம் கடக்கும் விமானங்களின் குறுஅலைத் தொடர்பை அறுப்பது. விழுங்கல் தோராயமாக அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 30 மெகாஹெர்ட்ஸில் 1 டெசிபல்தானே என்று அலட்சியமாக இருந்தால், 10 மெகாஹெர்ட்ஸில் அது 9 டெசிபல். சாய்வாகப் போய்த் திரும்பும் அலைக்கு அதற்கும் மேல்.

படி 5: ஜி.பி.எஸ். வாங்கியிலிருந்து எலக்ட்ரான் கணக்கு

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண்ணில் பேசுகிறது. பிளாஸ்மா இரண்டையும் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துகிறது. அந்த வித்தியாசத்திலிருந்து, வழியில் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள தூணில் 10¹⁶ எலக்ட்ரான் இருந்தால் அதை ஓர் அலகு என்கிறோம். இரண்டு தூர அளவீட்டுக்கும் வித்தியாசம் 2 மீட்டர் என்றால் 19 அலகு. அது முதல் அதிர்வெண்ணில் சுமார் 3 மீட்டர் பிழை.

தரவுக்குப் பஞ்சமில்லை. நாட்டின் நில அளவைக்காக நடக்கும் டிரிக்நெட் வலையமைப்பின் நிலையங்கள் உள்நாட்டுக்கு. சனாயேவின் வாங்கி உலக ஜி.என்.எஸ்.எஸ். (செயற்கைக்கோள் வழிகாட்டல்) சேவையில் 'வெஸ்ல்' என்ற பெயரில் இருக்கிறது. ரைனெக்ஸ் என்ற பொது வடிவக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் வரிசை இது: அலையின் கட்ட (phase) அளவீட்டில் திடீர்த் தாவல்கள் இருந்தால் பிடித்து, அந்த இடத்தில் வளைவைத் துண்டியுங்கள். ஒவ்வொரு துண்டையும் தூர அளவீட்டின் சராசரி மட்டத்துக்கு உயர்த்துங்கள். செயற்கைக்கோளின் சார்புப் பிழையையும் (கருவிக்குள்ளேயே ஏற்படும் தாமதம்) வாங்கியின் சார்புப் பிழையையும் கழியுங்கள். கடைசியில் சாய்வு மதிப்பைச் செங்குத்தாக மாற்றுங்கள். முதல் இரண்டையும் பொறுமையில்லாமல் செய்தால், புயலின் தாவலையும் வாங்கியின் தாவலையும் பிரிக்கவே முடியாது.

துருவத்துக்கென்று ஒரு சிக்கல். ஜி.பி.எஸ். கோள்களின் பாதை 55 பாகை சாய்வு. தென்துருவத்தில் நின்றால் எந்தக் கோளும் அடிவானத்திலிருந்து 45 பாகைக்கு மேலே ஏறாது. எல்லாப் பாதையும் சாய்வாகவே இருப்பதால், செங்குத்தாக மாற்றும் கணக்கில் பிழை கூடும். ரஷ்யாவின் குளோனாஸ் கோள்கள் 64.8 பாகைவரை வருவதால் அவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மினுமினுப்பை, அதாவது சிக்னல் விரைவாக ஏறி இறங்கி நடுங்குவதை, ஆராய வினாடிக்கு 50 முறை பதியும் தனி வாங்கி வேண்டும். நிலநடுக்கோட்டில் சிக்னலின் வலு மினுக்கும், எஸ்4 குறியீடு அதைப் பிடிக்கும். துருவத்தில் வலு பெரிதாக அசையாது, கட்டம்தான் துள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டத்தின் மெதுவான மாற்றத்தை நீக்க எல்லோரும் 0.1 ஹெர்ட்ஸ் வடிகட்டியைப் போடுவார்கள். துருவத்தில் பிளாஸ்மா வினாடிக்குப் பல நூறு மீட்டர் ஓடுவதால், வெறும் அடர்த்தி ஏற்ற இறக்கம்கூட அந்த எல்லையைத் தாண்டி வந்து மினுமினுப்பு வேடம் போடும். கட்ட மினுமினுப்பு அதிகம், வலு மினுமினுப்பு இல்லவே இல்லை என்று தெரிந்தால் வடிகட்டியைச் சந்தேகப்படுங்கள். 30 வினாடித் தரவு மட்டுமே கையில் இருந்தால், எலக்ட்ரான் கணக்கு நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பதன் ஐந்து நிமிடத் திட்ட விலக்கத்தை எடுங்கள். முரட்டு அளவுதான், ஆனால் எல்லா நிலையத்துக்கும் ஒரே மாதிரி செய்யலாம்.

படி 6: சூப்பர்டார்ன் ரேடார், இப்போதுதான்

சனாயே 4-ஐக் கட்டி முடித்த 1997-இலேயே அங்கே ரேடாரும் வந்தது. டர்பனில் அப்போதிருந்த நேட்டால் பல்கலைக்கழகமும் பொட்செஃப்ஸ்ட்ரூமும், பிரிட்டன், அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, பிரிட்டனின் ஹாலி நிலைய ரேடாரோடு ஒரே வானத்தை இரண்டு கோணத்தில் பார்க்கத் திட்டமிட்டார்கள். உலகம் முழுக்க 30-க்கு மேற்பட்ட ரேடார்கள் உள்ள சூப்பர்டார்ன் குடும்பத்தில் அதுவும் ஓர் உறுப்பு.

8 முதல் 20 மெகாஹெர்ட்ஸ். வழக்கமான அமைப்பில் 16 திசைக் கற்றைகள், ஒவ்வொன்றிலும் 45 கிலோமீட்டர் அளவில் 75 தூரப் பெட்டிகள், மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்வரை எட்டும். ஒரு சுற்று ஒன்று அல்லது இரண்டு நிமிடம். காந்தக் கோட்டை ஒட்டி நீண்டிருக்கும் பிளாஸ்மாச் சிற்றலைகள் மேல் அலை செங்குத்தாகப் பட்டால் எதிரொலி திரும்பும். துருவத்தில் கோடுகளே செங்குத்தாக நிற்பதால், அலை கிட்டத்தட்ட கிடையாக வளைந்து போகவேண்டும். அதை வளைத்துக் கொடுப்பது அயனி மண்டலமேதான். குறுஅலை தேர்ந்தெடுத்ததன் காரணம் அது.

எதிரொலியின் டாப்ளர் நகர்வு பிளாஸ்மாவின் வேகத்தைச் சொல்லும். 12 மெகாஹெர்ட்ஸில் 40 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் வினாடிக்கு 500 மீட்டர். 50 ஆயிரம் நானோடெஸ்லா புலத்தில் அது மீட்டருக்கு 25 மில்லிவோல்ட் மின்புலம். நேர்க்குறி என்றால் ரேடாரை நோக்கி வருகிறது. ஆனால் அந்தக் கற்றையின் திசையில் உள்ள வேகம் மட்டும்தான் தெரியும். குறுக்கே ஓடுவது தெரியாது. ஹாலியும் சனாயேவும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும் என்று திட்டமிட்டது இதற்காகத்தான்.

பைடார்ன் என்ற இலவச மென்பொருளில் ஒரு கற்றையின் ஒரு நாள் படத்தை வரைந்து, மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இது மேலிருந்து வந்ததா, தரையிலிருந்து வந்ததா? அயனி மண்டலத்தில் வளைந்து கீழே இறங்கி, பனியிலோ கடலிலோ பட்டுத் திரும்பிய எதிரொலியும் இதே படத்தில் கலந்திருக்கும். வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், அலைமாலை குறுகலாக இருந்தால் மென்பொருள் அதைத் தரை என்று சாம்பல் நிறத்தில் குறிக்கும். மெதுவாக ஓடும் உண்மைப் பிளாஸ்மாவையும் சில நேரம் அப்படியே தள்ளிவிடும்.

இரண்டு, எதிரொலி இல்லாத இடத்தில் என்ன? ஓட்டம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சிற்றலை இல்லாமலிருக்கலாம், அலை சரியாக வளையாமலிருக்கலாம், டி அடுக்கு விழுங்கியிருக்கலாம். பெரிய புயலின் உச்சத்தில் ரேடார் குருடாவது பெரும்பாலும் கடைசிக் காரணத்தால். பக்கத்து ரியோமீட்டரைத் திறந்தால் பதில் கிடைக்கும். படி 4-க்கு அவ்வளவு நேரம் செலவழித்தது வீணில்லை என்று அப்போது புரியும்.

மூன்று, எதிரொலி இருக்கும் இடம் உண்மையில் எங்கே? பெட்டியின் தூரம் அளந்தது, உயரம் பெரும்பாலும் அனுமானம்.

இதெல்லாம் ஆன பிறகே உலக ஓட்ட வரைபடத்துக்குப் போகலாம். அதில் எந்த நேரமும் இரண்டு சுழல்களும் முழுமையாகத் தெரியும், ஏனென்றால் தரவு இல்லாத இடத்தைச் சூரியக் காற்றின் அடிப்படையிலான மாதிரி நிரப்பிவிடுகிறது. உங்களுக்கு வேண்டிய பகுதியில் அளந்த அம்புக்குறிகள் எத்தனை என்று எண்ணாமல் ஒரு வரைபடத்தைக்கூட உங்கள் ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள்.

படி 7: வட துருவத்தை ஒரு பார்வை

நார்வேயின் பெருநிலத்திலும் அதன் ஸ்வால்பார்ட் தீவுகளிலும் உள்ள ஐஸ்காட் ரேடார்கள் தாங்கள் அனுப்பும் அலையை எலக்ட்ரான்கள் சிதறடிப்பதை அளந்து, அடர்த்தி, எலக்ட்ரான் வெப்பம், அயனி வெப்பம், ஓட்டம் என நான்கையும் உயரவாரியாகத் தருகின்றன. இயக்கச் செலவு அதிகம் என்பதால் நாள் முழுக்க ஓடாது. மாட்ரிகல் தரவுத்தளத்தில் எடுக்கலாம். நம் ஆய்வுக்கு இது ஒப்பிட மட்டும்.

படி 8: எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்குங்கள்

முதலில் ஓர் அமைதி நாள்: காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை சொல்லும் கே.பி. குறியீடு நாள் முழுக்க 1-ஐத் தாண்டாத நாள். பிறகு, பருவம் மாறாமல் அதற்குப் பக்கத்திலேயே ஒரு கலங்கிய நாள். 2024 மே 10, 11 புயலை எல்லோரும் எடுப்பார்கள், கே.பி. 9-ஐத் தொட்ட அந்த நாட்களில் தரவு நிறைய இருக்கிறது. ஆனால் முதல் பயிற்சிக்கு நடுத்தரப் புயலே மேல். உச்சப் புயலில் பாதிக் கருவிகள் வெற்றிடமாகவே இருக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

மேலிருந்து கீழாக, ஒரே நேர அச்சில்: சூரியக் காற்றின் காந்தப்புலத் தெற்கு-வடக்குக் கூறு, அதன் வேகம், காந்தக் குறியீடு, சனாயே ரியோமீட்டர், எலக்ட்ரான் கணக்கு, மினுமினுப்பு, ரேடார் வேகம், கடைசியில் ஹெர்மானஸ் அயனோசோண்ட். சூரியக் காற்றை அளக்கும் விண்கலம் பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் இருப்பதால் தரவு ஏற்கெனவே நேரம் நகர்த்தப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்னி என்ற சூரியக் காற்றுத் தரவுத் தொகுப்பில், அந்தக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதி வேகம் குறையும் வில் அதிர்ச்சி முகப்புவரை நகர்த்தியே தருகிறார்கள். அதை இன்னொரு முறை நகர்த்தினால் காரணம் காரியத்துக்குப் பின்னால் வந்து நிற்கும்.

இப்போது ஒரு நிகழ்வைப் பிடித்துப் பின்தொடருங்கள். புலம் தெற்கே திரும்பியது. எத்தனை நிமிடம் கழித்து ரேடார் வேகம் கூடியது? அப்போது சனாயே எந்தக் காந்த உள்ளூர் நேரத்தில் இருந்தது? ரியோமீட்டர் இறங்கியது உபபுயலாலா, புரோட்டானாலா? அதே நேரம் கட்ட மினுமினுப்பு எழுந்ததா? ஹெர்மானஸில் எஃப்2 அடர்த்தி அடுத்த நாள் சரிந்ததா? புயலில் சூடான துருவக் காற்று மேலெழுந்து, மூலக்கூறுகள் மிகுந்த காற்றை நடு அட்சரேகைக்குத் தள்ளும். அங்கே அயனிகள் விரைவாகக் கரையும். துருவத்தில் நடந்தது நம் தலைக்கு மேலே வந்து சேர ஒரு நாள்கூட ஆகலாம்.

படி 9: யாரிடம் போவது, என்ன கேட்பது

ஹெர்மானஸ் மையம் முதுகலை, முனைவர் மாணவர்களை எடுக்கிறது. விண்வெளி இயற்பியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களில் வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது "ஏதாவது தலைப்பு கொடுங்கள், சார்" என்று போகாமல், படி 8-இல் போட்ட தாளைக் கையில் கொண்டுபோய், "இந்த 20 நிமிடத்தில் ரேடாரும் ரியோமீட்டரும் ஒத்துப்போகவில்லை, ஏன்?" என்று கேளுங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அண்டார்டிகாவுக்கே போக ஆசை என்றால், குளிர்காலக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ரேடாரையும் மற்றக் கருவிகளையும் கவனிக்க மின்னணுப் பொறியாளர்கள் வேண்டும். கோடையில் கேப் டவுனிலிருந்து எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பலில் போனால் அடுத்த கோடை வரைக்கும் திரும்ப வழியில்லை. பதினைந்து மாதம் அளவுக்கு வீட்டை மறக்கவேண்டும். தைப்பூசக் காவடியும் தீபாவளியும் பனியில்தான். தேர்வில் இயற்பியல் அறிவைவிட, உறைந்த கோபுரத்தில் ஏறிக் கையுறையோடு திருகாணி மாட்டுவீர்களா, சின்ன இடத்தில் பத்துப் பேரோடு சண்டையில்லாமல் இருப்பீர்களா என்றுதான் அதிகம் பார்ப்பார்கள்.

தரவைப் பயன்படுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு ரேடாருக்கும் பொறுப்பாளர் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் அந்தத் தரவு முக்கியம் என்றால், அனுப்புவதற்கு முன் அவருக்கு எழுதிவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆன்டெனா ஒன்று காற்றில் சாய்ந்திருந்தது, வாங்கியின் கடிகாரம் பிசகியிருந்தது போன்ற விஷயங்கள் கோப்பில் இருக்காது, அவருக்குத்தான் தெரியும். தேதி, உலக நேரம், கற்றை எண், நீங்கள் சந்தேகப்படும் இடம் என்று நான்கே வரியில் எழுதினால் போதும், பதில் வந்துவிடும்.